தாய்மையும் குடியுரிமையும்: திருத்தணி எல்லையிலிருந்து ஒரு நோக்கு

திருத்தணி மலையின் படிகளில் நின்று வடக்கே நோக்குவோர்க்கு ஆந்திரத்துக் குன்றுகள் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே தோன்றும். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது இவ்வூர் அம்மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டமும் பட்டாஸ்கர் அளித்த பரிந்துரையும் 1960 ஏப்ரலில் அதனை மீண்டும் சென்னை மாநிலத்தோடு இணைத்தன. எந்த மொழி பேசுவோர் எந்த மாநிலத்தின் குடிகள் என்பதே அன்று வழக்காயிருந்தது. அவ்வெல்லைக்கோடு பிற்காலத்தில் தாய்மாரையும் இரு வகையினராகப் பிரித்தது என்பதைப் பலர் அறியார்.

1994ஆம் ஆண்டின் ஆந்திரப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், ஓராண்டு அவகாசத்துக்குப்பின், இரண்டு குழந்தைகளுக்கு மேற்பட்டோர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்று விதித்தது. தமிழ்நாட்டில் இத்தகைய விதி இல்லை. ஆகவே திருத்தணியில் பிறந்த உடன்பிறப்புகள் இருவரில், உள்ளூரிலேயே மணமானவள் மூன்று பிள்ளைகளோடு ஊராட்சித் தலைவியாகலாம். நகரிப் பக்கத்துக் கிராமமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் மூன்றாம் பிள்ளையைப் பெற்ற அன்றே அத்தகுதியை இழப்பாள். சட்டம் ஆணையும் பெண்ணையும் ஒன்றாகவே குறிப்பிட்டது. ஆயினும் எத்தனை பிள்ளை என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நம் வீடுகளில் யாரிடம் இருக்கிறது என்பதை ஆயர் பணியில் உள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பதவிக்காக மனைவியைத் தள்ளிவைத்தல், பிறந்த பிள்ளையைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல் போன்றவை இவ்விதி நடப்பிலிருந்த மாநிலங்களில் நேர்ந்தமையை நிர்மலா புச் முதலியோரின் ஆய்வுகள் காட்டின. ஹரியானாவின் இதே போன்ற சட்டத்தை 2003இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், ஆந்திர சட்டமன்றம் இவ்விதியை நீக்கியது. பெண்ணின் குடியுரிமைக்கு இழுக்கு நேர்ந்தது என்ற உணர்வு இதற்குக் காரணமன்று; மக்கட்பிறப்பு குறைந்துவிட்டது, இனிப் பிள்ளைகள் மிகுதியாக வேண்டும் என்பதே காரணம்.

தாய்மையைப் போற்றும் அரசும் தாய்மையைக் கட்டுப்படுத்தும் அரசும் ஒன்றே. இவ்விரு செயல்களிலும் பெண் ஒரு குடிமகளாக எண்ணப்படுகிறாளா, குடிகளை ஈன்று தரும் கருவியாக எண்ணப்படுகிறாளா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் வினா.

மணவாளன் இறவாத மகளிர்

இவ்வினாவுக்குத் திருத்தணியிலேயே ஒரு பழைய விடை உண்டு. சுப்பிரமணிய சுவாமி கோவிலில் பொட்டுக் கட்டப்பெற்ற தேவதாசியர் பணி செய்து வந்தனர். அவர்களுள் இறுதிக் காலத்தவரான ரங்கநாயகி அம்மாளின் நினைவிலிருந்த பாடல்களையும் சடங்குகளையும் நெதர்லாந்து நாட்டு அறிஞர் சாஸ்கியா கெர்சன்பூம் கேட்டறிந்து, 1987இல் ‘நித்யசுமங்கலி’ என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டார். தெய்வத்தையே மணந்தவளுக்குக் கைம்மை இல்லை. ஆதலின் அவள் என்றும் சுமங்கலி. சுவாமிக்குக் கண்ணேறு கழிக்கும் கும்பாரத்தியை எடுக்க அவளே உரியவள். மங்கலம் என்பது கணவன் உயிரோடிருப்பதையே பொறுத்தது என்று கருதும் சமுதாயத்தில் அவளுடைய மங்கலம் அழியாதது.

இதனை நாம் போற்றிப் பாடவில்லை. சிறுமியர் தம் விருப்பம் கேட்கப்படாமலே பொட்டுக் கட்டப்பட்டதும், நிலமும் செல்வாக்கும் படைத்தோரின் இச்சைக்கு அவர்கள் ஆளானதும் மறைக்கக் கூடியவை அல்ல. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் நிலை எவ்வாறிருந்தது என்பதையும் காண வேண்டும். தேவதாசி தன் பெயரில் சொத்து வைத்திருந்தாள். அது மகளிர் வழியே இறங்கியது. பொதுவான இந்துச் சட்டத்தில் பெண் தனக்கென்று மகவு ஏற்க இயலாது, கணவனுக்காகவே ஏற்கலாம். தேவதாசியோ தனக்கென்றே ஒரு மகளை ஏற்றாள். பம்பாய் உயர் நீதிமன்றம் 1880இல் இத்தகைய ஏற்பைச் செல்லாது என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 1888இல், தீய தொழிலுக்கென்று ஏற்காதவிடத்துச் செல்லும் என்றது. பிள்ளைகள் தாயின் பெயரால் அறியப்பட்டனர். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பெயரில் உள்ள இரண்டாம் எழுத்து அவர் தாயார் சண்முகவடிவின் பெயரே என்பதை இசை அறிந்தோர் யாவரும் அறிவர்.

இம்மரபிலே பிறந்த தாய் ஒருவரின் மகள்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார்; தாயார் சந்திரம்மாள். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னைச் சட்ட மேலவையில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினரான அவர், 1927இல் பொட்டுக் கட்டுதலை ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1929ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தேவதாசியரின் மானிய நிலங்களைக் கோவில் பணிக் கடமையிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரியதாக்கிற்று. சத்தியமூர்த்தி போன்றோர் ஒழிப்பு முயற்சியை எதிர்த்தனர். தேவதாசியர் பலரும் அரசுக்கு விண்ணப்பம் அனுப்பி, தாங்கள் சமயப் பணி செய்வோரேயன்றி விலைமகளிர் அல்லர் என வாதிட்டனர். மறுபுறம், அம்மரபிலிருந்தே எழுந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் நாவல் எழுதியும் மேடையேறியும் அவ்வழக்கத்தைச் சாடினார். ஆக, அப்பெண்டிர் ஒருமனப்பட்டிருந்தனர் என்று எவரும் சொல்லற்க.

1947ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம் பொட்டுக் கட்டுதலைத் தடை செய்தது. கும்பாரத்தியின்போதும் ஊர்வலத்திலும் கோவிலிலும் ஆடுவதும் குற்றமாயிற்று. பொட்டுக் கட்டப்பட்டமையால் எப்பெண்ணும் சட்டப்படி மணம் புரியும் தகுதியை இழந்தவளாகாள் என்றும் அது அறிவித்தது. இது விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்விடுதலை திறந்துவிட்ட வாயில் ஒன்றே: திருமணம். கணவனின் மனைவியாக, மணவினைக்குட்பட்ட தாயாக ஆகும் உரிமையே அவளுக்குக் கிடைத்த குடியுரிமை. தாய்வழி உரிமை பற்றி எவரும் பேசவில்லை. 1956இன் இந்து வாரிசுச் சட்டம் வந்தபோது அது முற்றிலும் மறைந்தது. உயில் எழுதாது இறந்த பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும், அவர்கள் இல்லாவிடில் கணவனின் வாரிசுகளுக்கும், அதன்பின்னரே அவளைப் பெற்ற தாய் தந்தையர்க்கும் செல்லும் என்பது அச்சட்டத்தின் பொது விதி.

இங்கே நம் திருச்சபை வரலாற்றையும் தொட்டாக வேண்டும். கோவில் வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியை 1901இல் ஏற்றுக்கொண்டதிலிருந்து தோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் தொடங்கிய பணியை நாம் நன்றியோடு நினைக்கிறோம். மணமாகாத அயர்லாந்துப் பெண்மணி ஒருவரை நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ‘அம்மா’ என்று அழைத்தனர். பெறாமலும் தாயாகலாம் என்பதைத் தமிழ்த் திருச்சபை அவரிடத்தில் கண்டது. ஆனால் அக்கால மிஷனெரி எழுத்துக்களைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. குழந்தையைக் கோவிலுக்குக் கொடுத்த தாய் அவற்றில் பெரும்பாலும் கொடியவளாகவே வருகிறாள். வறுமையும் கைம்மையும் அவளை எவ்விடத்திற்குத் தள்ளின என்று நின்று கேட்போர் குறைவு.

இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய்

வாக்குரிமையின் வரலாறு இதனோடு பின்னிக் கிடக்கிறது. 1921இல் சென்னை மாகாணம், ஆணுக்குரிய அதே நிபந்தனைகளின் பேரில் பெண்ணுக்கும் வாக்களித்து, இந்திய மாகாணங்களுக்கு வழிகாட்டியது. நிபந்தனை சொத்தும் வரியுமாகும். தன் பெயரில் வீடும் நிலமும் இருந்த பெண்ணே வாக்காளர் ஆனாள். கணவன் பெயரில் எல்லாம் இருந்த இல்லத்தரசிக்கு அது எட்டவில்லை. இதனை ஆழ்ந்து எண்ணினால் வியப்பான முடிவொன்று கிட்டும். சமுதாயம் இழித்துரைத்த தேவதாசி, தன் பெயரில் சொத்து இருந்த காரணத்தால், ஊரார் போற்றிய பதிவிரதையைக் காட்டிலும் வாக்குச் சீட்டுக்கு அருகில் நின்றாள்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இதனைத் தலைகீழாக்கியது. பெண் வாக்காளர் தொகையைப் பெருக்கும் பொருட்டு, தகுதியுள்ள ஆடவனின் மனைவி என்பதையே ஒரு தகுதியாக்கியது. போர்வீரனின் ஓய்வூதியம் பெறும் கைம்பெண்ணுக்கும், அவ்வாறே ஓய்வூதியம் பெறும் தாய்க்கும் வாக்குண்டு என்றது. மகனைப் படைக்குக் கொடுத்தவள் என்பதால் அவள் குடிமகள்! அமிர்த கௌர், முத்துலட்சுமி ரெட்டி முதலியோரும் மகளிர் சங்கங்களும் இதனை ஏற்க மறுத்து, வயதுவந்த யாவர்க்கும் வாக்கு என்றே வாதிட்டனர். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரான அமிர்த கௌர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

1950இல் அரசியலமைப்பு அதனை வழங்கியது. முதற் பொதுத் தேர்தலுக்கான பட்டியல் எழுதச் சென்ற அலுவலரிடம் வட மாநிலப் பெண்டிர் பலர் தம் பெயரைக் கூறவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே கூறினர். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவ்வாறு பதிய இயலாது என்று உறுதியாய் நின்றார். நாட்டின் ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளரில் 28 லட்சம் பேர்வரை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். தாய் என்னும் பெயரால் வீட்டில் அறியப்பட்டவள், அப்பெயராலேயே நாட்டில் அறியப்படாதவள் ஆனாள்.

பிரெஞ்சு நாடும் அதன் தீவுகளும்

இது நம் நாட்டுக்கே உரிய பின்னடைவு என்று எண்ணுவோர்க்காகப் பிரான்சை நோக்குவோம். மனித உரிமைப் பிரகடனம் பிறந்த அந்நாடு 1944 ஏப்ரலில்தான் பெண்ணுக்கு வாக்குரிமை அளித்தது. 1945இல் அவள் முதன்முறை வாக்களித்தாள். சென்னை மாகாணத்துக்கு இருபதாண்டுகளுக்கு மேல் பிந்தியே பாரிஸ் விழித்தது! அதே 1945 மார்ச்சில் தெ கோல், பத்தாண்டுகளில் ஒரு கோடியே 20 லட்சம் அழகிய குழந்தைகள் பிரான்சுக்கு வேண்டும் என்று பேசினார். பல பிள்ளை பெற்ற தாய்க்குப் பதக்கம் அளிக்கும் வழக்கம் 1920 முதலே அங்கிருந்தது. கருத்தடையைப் பரப்புவதைக் குற்றமாக்கிய சட்டமும் அவ்வாண்டினதே. குடும்ப உதவித்தொகை போருக்குப்பின் விரிவடைந்தது. எனினும் பதக்கம் பெற்ற அத்தாய், 1965 வரை கணவன் எதிர்த்தால் வேலைக்குச் செல்லவும் தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் இடர்ப்பட்டாள். 1970இல்தான் ‘தந்தையின் அதிகாரம்’ என்பது சட்டத்தில் ‘பெற்றோரின் அதிகாரம்’ என்று மாறியது. அதுவரை, பிள்ளையைப் பெறுவது அவள் கடமை. பிள்ளைமீது முடிவெடுப்பது தகப்பன் உரிமை.

குடியேற்ற நாடுகளில் நிலைமை வேறு. இந்துமாக்கடலில் உள்ள ரெயூனியன் தீவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகவும் சென்னை மாகாணத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பலர் சென்றனர். அவர்கள் வழிவந்தோரை அங்கு ‘மலபார்’ என்பர். 1946இல் அத்தீவு பிரான்சின் மாவட்டங்களுள் ஒன்றாக்கப்பட்டது. அதன் மக்கள் சட்டப்படி முழுப் பிரெஞ்சுக் குடிகள். ஆனால் குடும்ப உதவித்தொகை அங்கு நெடுங்காலம் பிரான்சில் உள்ள அளவில் தரப்படவில்லை. பிரான்சில் பிள்ளை பெறுக என்ற அரசு, இங்கு மக்கட்தொகை மிகுந்துவிட்டது என்றது. 1970இல் பெரும் அதிர்ச்சி வெளிப்பட்டது. வேறு நோய்க்காக மருத்துவமனைக்குச் சென்ற ஏழைப் பெண்களுக்கு அவர்கள் இசைவின்றியே கருக்கலைப்பும் சிலவேளை கருத்தடை அறுவையும் செய்யப்பட்டு, அச்செலவு வேறு சிகிச்சையென்று பொய்யாய் எழுதி அரசுக் காப்பீட்டிலிருந்து பெறப்பட்டிருந்தது. இவ்வாறு பாதிக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கினர். அப்போது பிரான்சில் கருக்கலைப்பு தண்டனைக்குரிய குற்றம். 1975இல்தான் அங்கு அது சட்டத்துக்குட்பட்டது. ஒரே கொடியின்கீழ், ஒரே ஆண்டில், ஒரு பெண்ணுக்குத் தடுக்கப்பட்டது மற்றொருத்திக்குத் திணிக்கப்பட்டது. வேறுபாடு நிறமும் வறுமையுமே. அத்தீவிற் பிறந்த குடும்பத்தவரான பிரான்சுவாஸ் வெர்ஜஸ் 2017இல் இதனைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியிலும் இச்சிந்தனையின் தடம் உண்டு. 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தத்தின்படி, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளின் நாடு எது என்பதைத் தந்தையின் தேர்வே முடிவு செய்யும். தந்தை இறந்திருந்தால் மட்டுமே தாய்க்கு அவ்வுரிமை. இதற்காகப் பிரான்சை மட்டும் குறை கூற நமக்கு இடமில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை தந்தை வழியாகவே வரும் என்றுதான் நம் 1955ஆம் ஆண்டுச் சட்டமும் கூறிற்று. தாய் வழியாகவும் வரலாம் என்ற திருத்தம் 1992இல் வந்தது.

நம் பதிவேடுகளில்

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். 1987இல் தமிழக அரசு தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியது. 300 ரூபாயில் தொடங்கிப் படிப்படியாக 18,000 ரூபாயாக உயர்ந்தது. 1989இன் திருமண உதவித் திட்டத்துக்கு இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் இடப்பட்டது. பொட்டு மரபிலிருந்து வந்த இரு பெண்டிரின் பெயரும் மணத்தோடும் மகப்பேற்றோடும் பிணைக்கப்பட்டமை தற்செயலாக இருக்கலாம். ஆயினும் திருமண உதவித் திட்டம் 2022இல் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டபோது அம்மையாரின் பெயர் தனக்குரிய இடத்தை அடைந்தது என்பது நம் கருத்து. மகப்பேற்று உதவியோ முதலிரண்டு பிள்ளைகளுக்கே என்று வரையறுக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டனர். அச்சொல் சிந்திக்கத் தக்கது. வீட்டில் ஊதியமின்றி உழைப்பவளுக்குத் தரப்படுவது தயவன்று, உரிமை என்று ஓர் அரசு சொல்லளவிலேனும் ஒப்பியது.

திருச்சபை ஒப்பியதா? அன்னையர் ஞாயிறுகளில் நாம் நிகழ்த்தும் அருளுரைகள் பெரும்பாலும் தாயின் பொறுமையையும் தியாகத்தையும் புகழ்வன. பிள்ளையில்லாத சகோதரி அன்று பின் இருக்கையில் அமர்ந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். கூட்டத்திலிருந்து ஒரு பெண் இயேசுவின் தாயுடைய கருப்பையையும் மார்பையும் வாழ்த்தியபோது, அவர் அவ்வாழ்த்தை வேறு திசைக்குத் திருப்பினார் என்று லூக்கா 11ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர் தாயை இழிவுபடுத்தினார் என்பது இதன் பொருளன்று. பெண்ணின் பேறு அவளுடைய உடலின் ஈற்றில் இல்லை, வசனத்தைக் கேட்டுக் காக்கும் சீடத்துவத்தில் உண்டு என்பதே. 1 தீமோத்தேயு 2:15ஐ விளக்கும் நம் உரையாசிரியர்கள் இப்பகுதியை அருகில் வைத்துப் படித்தல் நலம்.

மாற்கு 6:3இல் நாசரேத்தூரார் அவரைத் தாயின் பெயராலேயே சுட்டுகின்றனர். தகப்பன் பெயரால் ஒருவனை அழைக்கும் ஊரில் இது இகழ்ச்சியாகவும் இருக்கலாம் என்பது உரையாசிரியர் சிலர் கருத்து. மத்தேயு அதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது தச்சனுடைய மகன் என்று மாற்றியிருப்பது அக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. ஆனால் அதே மத்தேயுதான் தம் முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றில் தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியையும் நிறுத்தி வைத்தவர்.

இதனை மனத்திற்கொண்டு நம் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறப்போம். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் எழுத ஏதுமின்றி ஒரு தாய் நிற்கும்போது ஆயர் யாது செய்வார்? சில இடங்களில் சடங்கு ஒத்திவைக்கப்படுகிறது. சில இடங்களில் அவள் சபை முன்பாக விளக்கம் கேட்கப்படுகிறாள். உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் தீர்த்த வழக்கொன்றில், மணமாகாத தாய் தன் மகனுக்குப் பாதுகாவலராகத் தகப்பனின் பெயரைச் சொல்லவோ அவனுக்கு அறிவிப்பு அனுப்பவோ வேண்டுவதில்லை என்றும், அத்தகைய தாய் உறுதிமொழி அளித்தால் பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. வழக்குத் தொடுத்த அப்பெண் ஒரு கிறிஸ்தவர். நகராட்சி அலுவலகம் கேட்கக்கூடாத கேள்வியைத் திருச்சபை அலுவலகம் கேட்டுக்கொண்டிருப்பது அழகன்று.

இன்னொன்றும் உண்டு, இதனை நம் போதகர் பலர் அறியாதிருப்பதை உரையாடல்களில் கண்டோம். இந்தியக் கிறிஸ்தவர்க்குரிய 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, பிள்ளைகள் இன்றியும் உயில் எழுதாமலும் ஒருவர் இறந்தால், மனைவி அல்லது கணவரின் பங்கு போக எஞ்சியது முழுவதும் தந்தைக்குச் செல்லும். தந்தை உயிரோடிருக்கும்வரை தாய்க்கு ஒன்றுமில்லை. தந்தை இறந்திருந்தாலும் 43ஆம் பிரிவின்படி தாய் தன் ஏனைய பிள்ளைகளோடு சம பங்கு மட்டுமே பெறுவாள். மகன் வேலைக்குச் சென்று தாய்க்கென்று சேர்த்த பணமாயினும் விதி இதுவே. குடும்பத்தைக் கைவிட்டுப் போன தகப்பன் அதனைக் கேட்டுப் பெறலாம். இந்து ஆடவன் இறந்தால் அவன் தாய் முதல் வகுப்பு வாரிசு என்பதை இதனோடு ஒப்பிடுக. 2014இல் சட்ட ஆணையம் தன் 247ஆம் அறிக்கையில், தாயும் தந்தையும் சமமாகப் பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகவில்லை. 1986இல் மேரி ராயின் வழக்கு மகளின் உரிமையைக் கேரளத்தில் நிலைநாட்டியது போலத் தாயின் உரிமைக்காக நம் சினாடுகளிலிருந்து வலுவான குரல் எழவில்லை. செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயின் முன் நின்று வழக்குரைத்து வென்றதை எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்திலிருந்து ஆண்டுதோறும் பாடமாகக் கற்பிக்கும் கல்லூரிகளில் வாழ்வோர் நாம்.

சட்டம் திருந்தும்வரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. உயில் எழுதும் உரிமை கிறிஸ்தவர் யாவர்க்கும் உள்ளது. அதற்கு முத்திரைத்தாளும் வேண்டா, பதிவும் கட்டாயமன்று. எழுதுபவர் கையொப்பமும், அதனைக் கண்ட சாட்சிகள் இருவரின் கையொப்பமும் போதும். எதுவும் பெறுகிறவர் சாட்சியாகக் கையொப்பமிட்டால் அவருக்குரியது செல்லாமற்போகும் ஆதலால், தாயையோ தாய்க்கு நெருங்கிய பயனாளிகளையோ சாட்சியாக்கலாகாது. உயில் எழுதியபின் திருமணம் நிகழ்ந்தால் நம் சட்டப்படி அவ்வுயில் தானே நீங்கிவிடும். ஆகவே மணமானபின் மீண்டும் எழுத வேண்டும். மணமுன் ஆலோசனைக்கு வரும் இளைஞரிடம் இதனைச் சொல்வதற்கு ஐந்து மணித்துளிகள் போதும்.